சிவப்புக் கொடி யார் கையில்?
மழைநாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நமக்குக் கற்பிக்கும் பாடம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், விபத்துப் பிரிவின் வாயிலில் ஈர உடையோடு காத்திருக்கும் குடும்பங்களைக் காண்பது வழக்கமாகிவிடுகிறது. மருத்துவரிடம் அவர்கள் முதலில் கேட்பது, "உயிருக்கு ஆபத்து இல்லையே, ஐயா?" என்பதுதான். அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள்: "மழை பெய்கிறது, போகாதே என்று நான் ஏன் சொல்லாமல் விட்டேன்?"

அந்த இரண்டாவது கேள்வியே இக்கட்டுரையின் பொருள். இதற்கு விடை காண, சற்றும் எதிர்பாராத ஓரிடத்திற்குச் செல்வோம். அது மோட்டார் சைக்கிள் பந்தயத் திடல். வேகத்தையே நோக்கமாகக் கொண்டவர்கள் மழை வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்தால், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞரும், அவருக்காக வீட்டில் காத்திருப்பவரும் கற்றுக்கொள்ள வேண்டியவை தெளிவாகும்.

1. உண்மையான பந்தயம் எப்படி நடக்கிறது?

தமிழகத்தில் மோட்டார் பந்தயம் புதியதன்று. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953ஆம் ஆண்டிலேயே தோன்றியது. போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. பந்தய வீரர் கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ளது. இத்தகைய தடங்களில் தொழில்முறை வீரர்கள் மட்டுமின்றி, வார நாள்களில் படிப்பும் வேலையுமாக இருந்து விடுமுறை நாளில் ஓட்ட வரும் ஆர்வலர்களும் புதியோர் பிரிவில் போட்டியிடுகின்றனர்.

சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும் குறும்பந்தயத்தை ஸ்பிரிண்ட் என்பர். ஆறு சுற்று என்று கொண்டால் இருங்காட்டுக்கோட்டையில் அது 22 கி.மீ. மட்டுமே. தூரம் குறைவாதலால், இழந்த ஒரு நொடியை மீட்க நேரமில்லை என்ற பதற்றம் ஓட்டுநருக்கு முதல் வளைவிலேயே தோன்றிவிடுகிறது. டயர் இன்னும் சூடேறாத அந்த நேரத்தில்தான் சறுக்கல் எளிதாக நேர்கிறது. "வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, மழை வலுக்கும் முன் போய்விடலாம்" என்று வண்டியை முறுக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் மனநிலையும் இதுவே. குறைந்த தூரம் ஆபத்தைக் குறைப்பதில்லை. சில வேளைகளில் அவசரத்தைக் கூட்டுகிறது.

ஆயினும் தடத்தில் ஓடுபவருக்கும் சாலையில் ஓடுபவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தடத்தில் எதிரே வண்டி வராது. வளைவுக்கு வெளியே, விழுந்தவர் எதிலும் மோதாமல் உருண்டு நிற்பதற்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். தலை முதல் கால் வரை காப்புடை உண்டு. ஒவ்வொரு வளைவிலும் கொடியுடன் ஒருவர் நிற்பார். மருத்துவரும் ஆம்புலன்சும் உரிய இடத்தில் இல்லையெனில் ஓட்டமே தொடங்காது.

2. மழை என்ன செய்கிறது?

டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பை உராய்வு என்கிறோம். மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு சக்கரமும் உள்ளங்கை அளவேயான பரப்பில்தான் சாலையைத் தொடுகிறது. அந்தச் சிறு பரப்பில் நீர் புகுந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒரு மதிப்பீட்டைப் பார்ப்போம். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்றும், உராய்வுக் கெழு காய்ந்த சாலையில் 0.7, ஈரச் சாலையில் 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் காய்ந்த சாலையில் 37 மீட்டரில் நிற்பார். ஈரச் சாலையில் 52 மீட்டர் வேண்டும். வேகம் 80 கி.மீ. ஆனால் அத்தூரம் முறையே 58 மீட்டரும் 85 மீட்டரும் ஆகும். இதை இன்னொரு வகையில் சொல்லலாம்: 80 கி.மீ. வேகத்தில் வருபவர் காய்ந்த சாலையில் முழுவதும் நின்றிருக்கக்கூடிய இடத்தை, ஈரச் சாலையில் இன்னும் 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தோடு கடந்துகொண்டிருப்பார். அங்கு ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்கென்று சில தனி இடர்களும் உள்ளன. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடையே லாரிகள் இடையறாது ஓடுகின்றன. அவற்றிலிருந்து சாலையில் படியும் தூள், முதல் தூறலில் வழுக்கும் குழம்பாக மாறுகிறது. பெரம்பலூர்ப் பக்கத்தில் வயலிலிருந்து ஏறிவரும் டிராக்டர் சக்கரங்கள் கரிசல் மண்ணைத் தார்ச் சாலையில் அப்பிச் செல்கின்றன. பல நாள் வெயிலில் சேர்ந்த எண்ணெய்க் கசிவும் புழுதியும் நீரோடு கலக்கும் முதல் சில நிமிடங்கள் மிகவும் வழுக்கலானவை. பலத்த மழை தொடர்ந்து பெய்து சாலையைக் கழுவிய பின் இவ்வழுக்கல் சற்றுக் குறையும். எனவே, "தூறல்தானே" என்று எண்ணும் நேரமே அதிக எச்சரிக்கைக்குரியது.

3. பந்தய வீரர் மழைக்கு எப்படி ஒத்துப்போகிறார்?

மழை வந்ததும் தேர்ந்த வீரர் தம் பழக்கங்களில் பலவற்றை மாற்றிக்கொள்கிறார். அவற்றுள் நான்கு நம் சாலைக்கும் பொருந்தும்.

முதலாவது, டயர். காய்ந்த தடத்தில் வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயரைப் பயன்படுத்துவோர், மழையில் நீரை வெளியேற்றும் ஆழமான பள்ளங்கள் கொண்ட டயருக்கு மாறுகின்றனர். நம் வண்டியில் தேய்ந்து வழவழப்பான டயர் இருந்தால், மழையில் எவரும் விரும்பாத டயரோடு நாம் மழைக்குள் செல்கிறோம் என்பது பொருள்.

இரண்டாவது, மென்மை. ஈரத்தில் திடீர்ச் செயல் ஒவ்வொன்றும் டயரின் பிடிப்பை அறுக்கிறது. ஆகையால் வீரர் முறுக்குவதையும் பிரேக் பிடிப்பதையும் படிப்படியாகச் செய்கிறார். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடுகிறார். வளைவுக்குள் சாய்வையும் குறைத்துக்கொள்கிறார். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வாகனங்களில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாகியுள்ளது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது தடுக்கும்; ஆனால் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

மூன்றாவது, பாதை. காய்ந்த தடத்தில் எல்லோரும் ஓடித் தேய்த்து ரப்பர் படிந்த கோடுதான் விரைவான வழி. மழையில் அதுவே வழுக்கும் வழி. அதனால் தேர்ந்தவர் அக்கோட்டை விட்டு விலகி, சொரசொரப்பான பகுதியைத் தேடுகிறார். நாமும் பழகிய சாலை என்று நம்பாமல், வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், ரயில் தண்டவாளங்கள், நீர் தேங்கி ஆழம் தெரியாத இடங்கள் ஆகியவற்றைக் கண்டறிந்து விலக வேண்டும். தண்டவாளத்தைக் கடந்தே ஆக வேண்டுமெனில் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

நான்காவது, பார்வை. முன்செல்லும் வண்டி வாரியிறைக்கும் நீர்த்திரைக்குள் எதுவும் தெரியாது. லாரியை ஒட்டிச் செல்பவருக்கு லாரிக்கு முன்னால் இருக்கும் பள்ளம் தெரிவதில்லை. லாரி ஓட்டுநருக்கும் அவர் தெரிவதில்லை.

4. நிறுத்துவது யார்?

இக்கட்டுரையின் மையப் பாடம் இதுதான். திறமைகள் அனைத்தும் இருந்தும், மழையில் ஓட்டத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற முடிவைப் பந்தய உலகம் ஓட்டுபவர் கையில் மட்டும் விடுவதில்லை. தூறல் தொடங்கினால் சிவப்புக் குறுக்குக் கோடுகளிட்ட வெள்ளைக் கொடி காட்டப்படும். தடம் வழுக்கினால் சிவப்புப் பட்டைகள் கொண்ட மஞ்சள் கொடி. நிலைமை எல்லை மீறினால் சிவப்புக் கொடி. அதைக் கண்டபின் முதலிடத்தில் இருப்பவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பியாக வேண்டும், வாதத்திற்கு இடமில்லை. ஏனெனில், வேகத்தின் நடுவே இருப்பவரால் வேகத்தைச் சரியாக எடைபோட இயலாது என்பதை அவ்வுலகம் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டுள்ளது.

2018 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் உலகின் தலைசிறந்த வீரர்கள் காத்திருந்தனர். முந்தைய நாள் பயிற்சியிலேயே தேங்கிய நீரில் பலர் சறுக்கினர். கீழே விழுந்து தடத்தின் ஓரத்தில் இருந்த டிட்டோ ரபாட் என்ற வீரர் மீது, சறுக்கி வந்த மற்றொரு வண்டி மோதி வலது கால் முறிந்தது. மறுநாளும் மழை ஓயவில்லை; தடத்தில் நீர் வடியவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்தபின், அன்றைய பந்தயங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. அவ்வுலகின் மிகத் தேர்ந்த கைகளும் மிகச் சிறந்த டயர்களும் அங்கு இருந்தன. இருந்தும் விடை, "இன்று வேண்டாம்" என்பதே. அதனால் எவருடைய வீரமும் குறைந்துவிடவில்லை.

மழைநாளில் ஓட்டம் நிற்காமற்போனால் என்ன ஆகும் என்பதை நம் மண் வேறொரு வகையில் அறியும். 1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் சிதைத்திருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு ரயில் உரிய நேரத்தில் நிறுத்தப்படவில்லை. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ரயிலை ஓட்டியவர் அல்லர் லால் பகதூர் சாஸ்திரி. ஆயினும் ரயில்வே அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஓட்டுபவருக்கு மட்டுமே உரியதன்று பொறுப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இப்போது நம் நெடுஞ்சாலையைப் பாருங்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், நண்பர்கள் இருவர் "பாடாலூருக்கு முதலில் யார் போவது?" என்று மழையில் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கு வெற்றிடம் இல்லை. நடுத்திட்டும் இரும்புத் தடுப்பும் உண்டு. கொடி காட்டுவார் இல்லை. மருத்துவர் இல்லை. பந்தயத்தின் வேகம் மட்டுமே அங்கு இருக்கிறது. பந்தயத்தைத் தாங்கி நிற்கும் மற்ற எதுவும் இல்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்கோ அபராதத்திற்கோ உரிய குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால், 199-ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும்.

5. பந்தயத் திடலில் மருத்துவரின் பங்கு

இன்று நாம் அணியும் தலைக்கவசத்தின் வரலாற்றில் பந்தய மருத்துவர் ஒருவருக்கு இடமுண்டு. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் பணியாற்றிய மருத்துவர் எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்ட ஓட்டுநர்களை அடிக்கடி கண்டு வருந்தி, கித்தான் துணியையும் அரக்கையும் கொண்டு ஒரு கவசம் செய்வித்தார். முதலில் எதிர்ப்பு இருந்தாலும், 1914ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. பின்னர், 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த டி. இ. லாரன்சுக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், இராணுவச் செய்தியோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட கட்டுரை, கவசம் உயிர் காக்கும் என்பதை உலகிற்கு உணர்த்தியது.

கவசம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். தாடைப் பட்டையைப் பூட்டாத கவசம் மோதும்போது தலையில் இருக்காது. பலத்த அடி வாங்கிய கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிடினும் மாற்றிவிட வேண்டும்.

மருத்துவரின் மற்றொரு பங்கு, "இவர் மீண்டும் ஓட்டலாமா?" என்ற முடிவு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி அடைந்த வீரர், "நான் நலம்" என்று எத்தனை முறை சொன்னாலும் அன்று தடத்திற்குத் திரும்பக் கூடாது. மருத்துவர் இசைந்த பின்னரே திரும்பலாம். நம் நோயாளிகளுக்கும் இதுவே பொருந்தும். வீடு திரும்பியதும் சாவியைத் தேடும் இளைஞரின் குடும்பத்தார் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எலும்பு கூடிவிட்டதா என்பது மட்டும் போதாது. திடீரென முழு வலுவோடு பிரேக்கை அழுத்தக் கையும் காலும் இடங்கொடுக்கின்றனவா? உட்கொள்ளும் மருந்துகளில் உறக்கம் தருவன உண்டா? தலைச்சுற்றல், மறதி, பார்வை மங்கல் முற்றிலும் நீங்கினவா? இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையெனில், மருத்துவரைக் கேட்கும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.

6. விபத்தைக் கண்டால்

உடனே 108ஐ அழையுங்கள். பின்வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை காட்டுங்கள். மழையில் அவையும் எளிதில் நிற்கா. மூச்சுத் திணறல் இருந்தாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமெனில், ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்க, மற்றொருவர் மெல்லக் கழற்ற வேண்டும். இரத்தம் பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீரோ தேநீரோ புகட்டாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரை 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. எனவே வழக்கு வருமோ என்று தயங்க வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, தெளிவாகப் பேசிய பின்னும், மண்டைக்குள் இரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் நிலை மோசமாகலாம். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப இயலாத உறக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு, கை கால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

7. கொடி உங்கள் கையில்

சாலையில் கொடி காட்ட எவரும் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பயணமும் ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஒரு வீட்டில் முடிகிறது. அந்த இரு முனைகளிலும் நீங்கள் இருக்கிறீர்கள்.

மாலையில் மழை கொட்டும்போது, "எங்கே இருக்கிறாய்? இன்னும் ஏன் வரவில்லை?" என்று நாம் தொலைபேசியில் கேட்கும் கேள்வி அன்பினால் எழுவதே. ஆனால் மறுமுனையில் இருப்பவர் காதில் அது பச்சைக் கொடியாக விழுகிறது. அதற்குப் பதிலாக, "மழை விட்ட பின் கிளம்பு, கண்ணு, எத்தனை மணியானாலும் சோறு எடுத்து வைத்திருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதுவே சிவப்புக் கொடி. அதில் அதட்டல் இல்லை. தாமதித்து வந்தால் ஏச்சு விழாது என்ற உறுதி இருக்கிறது. அந்த உறுதி கிடைத்தவர் பேருந்து நிழற்குடையில் அரை மணி நேரம் ஒதுங்கி நிற்க அஞ்சமாட்டார்.

கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தை 80 கி.மீ. வேகத்தில் கடந்தால் 23 நிமிடம், 50 கி.மீ. வேகத்தில் 36 நிமிடம். மிச்சமாவது 13 நிமிடம். கால் எலும்பு முறிந்தவர் மீண்டும் இயல்பாக நடக்க ஆகும் மாதங்களோடு அந்த 13 நிமிடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இல்லத்தில் கலந்து பேச:

அ. மழை வந்தால் ஒதுங்கி நிற்பதற்கு, நாள்தோறும் செல்லும் வழியில் பாதுகாப்பான இடங்கள் எவை? மரத்தடியும் பாலத்தடியில் சாலையோரமும் அவற்றுள் சேரா.

ஆ. நம் வீட்டு வண்டியின் டயர், பிரேக், பின்விளக்கு ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

இ. தாமதமாக வருபவரை நம் வீட்டில் எப்படி வரவேற்கிறோம்?

ஈ. "இன்று வண்டி வேண்டாம்" என்று சொல்லும் உரிமை நம் வீட்டில் யாருக்கு உண்டு? அந்தச் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவோமா?

நான்காவது கேள்விக்கு விடை கண்ட குடும்பம் இப்பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்டது எனலாம். வேகத்தில் ஆர்வம் கொண்ட பிள்ளையை ஆர்வத்தை விடச் சொல்ல வேண்டியதில்லை. உரிமமும் காப்புடையும் பயிற்சியும் கொண்டு, கொடி காட்டுபவர் நிற்கும் தடத்தில் அவர் ஓடட்டும். மழை பெய்யும் சாலையில் மட்டும், வீட்டிலிருந்து எழும் சொல்லுக்கு அவர் நிற்கட்டும்.